காலிக் கோட்டை: மதில்களுக்குள் வாழும் வரலாறு

இலங்கையின் தென் கரையில் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 116 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது காலி நகரம். இன்று சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இவ்வூர், முன்னொரு காலத்தில் கீழைக் கடலில் ஓடிய மரக்கலங்கள் ஒதுங்கிய துறைமுகமாகும்.

1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, தெவிநுவரையிலிருந்து 'காலி' என்னும் சிற்றூரை அடைந்ததாகவும், அங்கு வசித்த இப்ராஹீம் என்ற முஸ்லிம் மாலுமி தமக்கு விருந்தளித்ததாகவும் குறிப்பிடுகிறார். ஐரோப்பியர் இங்கு கால் பதிப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னரே நம்மவர்கள் இக்கரையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு இது சான்றாகும்.

1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு மற்றொரு சான்று. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த இக்கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும் காணிக்கைகள் கூறப்பட, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து அமைந்துள்ளது. மூன்று சமயத்தாரும் ஒரே கரையில் மதிக்கப்பட்டதைச் சொல்லும் இக்கல்லை கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம்.

போர்த்துக்கேயர் 1588இல் கட்டத் தொடங்கிய கோட்டையை 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதைப் பெருமளவு விரிவாக்கினர். 1796இல் அது பிரித்தானியர் வசமானது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கியபோது, உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தவை இம்மதில்களே.

கலங்கரை விளக்கத்தின் அருகே வெண்ணிறத்தில் நிமிர்ந்து நிற்கிறது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். இரட்டைக் கோபுரங்களைக் கொண்ட அதன் முகப்பைப் பார்க்கும் பயணிகள் பலர், முதலில் தேவாலயம் என்றே எண்ணுவர். சற்று அப்பால் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி அமைந்துள்ளது.

சுற்றுலா வளர வளர கோட்டைக்குள் வீடுகளின் விலையும் ஏறியது. தலைமுறைகளாக வாழ்ந்த பல குடும்பங்கள் வீடுகளை விற்றுவிட்டு வெளியேறின. அவ்வீடுகள் ஹோட்டல்களாகவும் கடைகளாகவும் மாறின. நல்ல விலைக்கு விற்றவர்களை நாம் குறை கூற முடியாது. ஆனால் பாங்கு ஒலிக்கும்போது தொழுகைக்கு வர அக்கம்பக்கத்தில் ஆளில்லாமல் போனால், பள்ளிவாசலும் பயணிகள் படமெடுக்கும் கட்டடமாகிவிடும். மதில்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. மஹல்லாவைக் காப்பது நம் கையில்தான் உள்ளது.

காலிக்குச் செல்லும் நாம், மதிலில் நின்று சூரிய அஸ்தமனத்தைப் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், மஃரிபை அப்பள்ளியின் ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு வருவோம்.