கும்பினியின் தளபதி கலகக்காரரானது ஏன்?

செம்பரம்பாக்கத்து ஏரிக்கரைக்குக் கிழக்கே பூந்தமல்லியும், அதற்கப்பால் பரங்கிமலையும் உள்ளன. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் ஊர்திகள் நிறைந்த இவ்வட்டாரத்தை அடுத்தே, 1759ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையின் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டது. பிரஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பர் முதல் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையே நின்று, பிரஞ்சுப் படைக்கு உணவு வரும் வழிகளை மறித்து, அதனை ஓயாது அலைக்கழித்தவர்களுள் முதன்மையானவர் சிப்பாய்களின் தளபதி யூசுப்கான். பிப்ரவரியில் முற்றுகை நீங்கிற்று. ஐந்தாண்டு கழியுமுன், அவர் காத்த அதே கும்பினியின் படை மதுரையில் அவரையே முற்றுகையிட்டது.

இத்தகைய மாற்றம் உலக வரலாற்றில் புதிதன்று. அமெரிக்கப் புரட்சியின்போது 1777இல் சரடோகாப் போரில் காலில் காயமுற்ற வீரர் பெனடிக்ட் ஆர்னால்டு, 1780இல் வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைப் பகைவரிடம் ஒப்படைக்கச் சதி செய்தார். பதவி உயர்வில் புறக்கணிக்கப்பட்ட மனக்கசப்பும் கடன்சுமையும் அவரை அவ்வழியில் தள்ளின என்பர். யூசுப்கானுக்கும் இவ்விளக்கம் போதுமா?

மருதநாயகம் என்ற பெயரில் இராமநாதபுரச் சீமையில் பிறந்தவர் எனக் கருதப்படும் அவர், ஆர்க்காட்டில் கிளைவின்கீழும் திருச்சிராப்பள்ளியில் லாரன்ஸின்கீழும் போரிட்டார். 1754இல் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. மைசூராருடன் அவர் இரகசியத் தொடர்பு கொண்டுள்ளார் எனக் காட்டும் பொய்க் கடிதமொன்றை லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன் உருவாக்கினார். விசாரணையில் உண்மை வெளிப்பட, பொன்னியப்பன் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டார். யூசுப்கானோ கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார்; பொற்பதக்கமும் பெற்றார். துரோகி எனக் குற்றஞ்சாட்டப்பட்டபோது அவர் முழு விசுவாசமுள்ள ஊழியராகவே இருந்தார்.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை அடக்க அனுப்பப்பட்டார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டவரும் இவரே. இவரை விடுதலை வீரராக மட்டும் போற்றுவோர் இதனை விரைவாகக் கடந்து செல்வது வியப்பன்று. 1759இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அச்சீமைகளின் ஆட்சியை ஏற்றார். தாம் கும்பினியின் ஊழியர் என்றே அவர் எண்ணினார். நவாப் முகமது அலியோ அச்சீமைகள் தம்முடையவை, யூசுப்கான் தம் ஏவலாளர் என்றார். நவாபின் கடன்களுக்கும் நட்புக்கும் கட்டுண்ட சென்னை ஆட்சியாளர், குத்தகையை நவாபிடமே செலுத்துமாறு பணித்தனர். தாம் மதியாத ஒருவரிடம் கும்பினி தம்மைக் கைமாற்றிவிட்டதாகவே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். அவரிடம் பேராசை இல்லாமல் இல்லை. திருவிதாங்கூர்மேல் அவர் தொடுத்த போர் அதற்குச் சான்று. ஆயினும் பேராசை மட்டுமே காரணமெனில், இத்துணை ஆண்டுகள் அது உறங்கியதேன் என்ற வினா எஞ்சும்.

1763இல் அவர் பிரஞ்சுக் கொடியை ஏற்றினார். காலம் அவருக்கு எதிராயிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் பிரஞ்சு அரசு முகமது அலியையே கர்நாடக நவாபாக ஏற்றுக்கொண்டது. யூசுப்கான் எந்தக் கொடியின் நிழலை நாடினாரோ, அதற்குரியவர்களே அவருடைய பகைவரின் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டனர்.

மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. 1764 ஜூனில் கும்பினிப் படை நடத்திய பெருந்தாக்குதல் தோற்றது. மேஜர் பிரெஸ்டன் அதிற் பட்ட காயத்தால் உயிர் துறந்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து சுவார்ட்ஸ் ஐயர் அப்பாளையத்துக்குச் சென்று காயமுற்றோரிடையே ஊழியம் புரிந்தார். இறுதியில் கோட்டையை வீழ்த்தியது பீரங்கியன்று. அக்டோபர் 13ஆம் நாள், தொழுகையிலிருந்த யூசுப்கானை அவருடைய திவான் சீனிவாசராவும் பிரஞ்சு அதிகாரி மார்ஷாந்தும் உடன்பட்டுப் பிடித்துக்கொடுத்தனர்.

பத்தாண்டுகளுக்கு முன் பொய்க் கடிதத்தை விசாரிக்க நேரம் கண்ட கும்பினி, இம்முறை எவ்விசாரணையும் நடத்தவில்லை. நவாபின் கலகக்காரர் என்று அவரை நவாபிடமே ஒப்படைத்தது. 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு வெளியே, நவாபின் ஆணைப்படி, அவர் தூக்கிலிடப்பட்டார்.