தலை நிமிரட்டும், சொல் தெளியட்டும்

தஞ்சை, நாகை வட்டாரத்தில் நன்கு படித்த நம் பிள்ளைகளிலும் சிலர், நேர்முகத் தேர்வில் தலைகுனிந்து, சொற்களை விழுங்கி வாய்ப்பை இழக்கிறார்கள்.

மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் செல்லும் முன், நெஞ்சை விரிவாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் துஆச் செய்தார்கள்; சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள் (20:25-32).

நபி (ஸல்) அவர்களின் பேச்சை, விரும்பினால் எண்ணிவிடலாம் என்கிறார்கள் அன்னை ஆயிஷா (ரலி) (புகாரி). அவ்வளவு நிதானம். நாகூர் ஹனீஃபாவின் பாடல்களிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்கும்.

ஆனால் நிமிர்வு பெருமையாகிவிடக் கூடாது. முகத்தைத் திருப்பாதே, குரலைத் தாழ்த்து என்பது மகனுக்கு லுக்மான் செய்த உபதேசம் (31:18-19).

மஃரிபுக்குப் பின் மகனையும் மகளையும் எதிரே நிறுத்தி, அன்று படித்ததை ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள், திக்கினால் கேலி செய்யாதீர்கள்.