சிலையும் சாமியும்

இலங்கை மலையகத்துப் பூனாகலைத் தேயிலைத் தோட்டங்களில் கோவிலுக்குள் இருப்பதை யாரும் சிலை என்பதில்லை, அது சாமி. கொழுந்து மலையோரம் மரத்தடியில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த செதுக்காத கல்லும் சாமிதான். சந்தியில் தலைவருக்கு வைப்பதே சிலை. இந்த வேறுபாடு பழைய கிரேக்கரிடமும் இருந்தது. தெய்வ உருவத்தை 'அகல்மா' என்றார்கள். மகிழ்ச்சி தருவது என்று பொருள். மனித உருவம் 'அந்திரியாஸ்', ஆணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமரின் இலத்தீனில் 'ஸ்டாச்சுவா', நிறுத்தி வைத்தது. பொது மன்றங்களில் பெரிய மனிதர்களை அப்படித்தான் நிறுத்தினார்கள். கிரேக்கர் குறையற்ற உடலைத் தேடினார்கள். உரோமரோ கிழவரின் சுருக்கத்தையும் வழுக்கையையும் அப்படியே செதுக்கினார்கள். உடலைத் தனியாகச் செய்து, உரியவரின் தலையைப் பொருத்துவதும் உண்டு.

நம் சொல்லின் வழி வேறு. சங்கப் பாடல்களில் சிலை பெரும்பாலும் வில். இறந்த வீரனுக்கு நட்டது வெறும் 'கல்'. கல்லைத் தேடிக் கண்டு, எடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. இன்று நாம் சொல்லும் சிலை, கல் என்ற பொருளுடைய வடமொழிச் 'சிலா'வோடு சேர்ந்தது. கல்வெட்டைச் சிலாசாசனம் என்பதும் அதனால்தான். பிறகு கல்லின் பெயரே கல்லில் செதுக்கிய உருவத்துக்கும், அதன்பின் எந்தப் பொருளில் செய்த உருவத்துக்கும் ஆகிவந்தது. வெண்கலச் சிலை என்று தயங்காமல் சொல்கிறோம். வேர் பார்த்தால் அது வெண்கலக் கல்.

வெண்கலம் கல்லான கதை மேற்கிலும் உண்டு. கிரேக்கச் சிற்பி பொலிக்கிளைட்டஸ் வார்த்த ஈட்டி வீரன் வெண்கலம், அது அழிந்துவிட்டது. நமக்குக் கிடைத்தவை உரோமர் காலத்துப் பளிங்குப் படிகள். பளிங்கில் ஒற்றைக் காலில் உடல் பாரத்தை நிறுத்தினால் கால் முறியும். அதனால் அந்தக் காலோடு ஒட்டி ஒரு மரத்தண்டைச் செதுக்கியிருக்கிறார்கள்.

பூனாகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக இறங்கி, வெல்லவாயாவைத் தாண்டினால் புதுருவகலை. புத்தர், உருவம், கல் என்ற மூன்றும் அந்தச் சிங்களப் பெயரில் தனித்தனியே நிற்கின்றன. பூனாகலையின் வாலில் இருப்பதும் அதே 'கல', பாறை. புதுருவகலையில் ஒரே பாறையில் 7 உருவங்கள், 9 அல்லது 10ஆம் நூற்றாண்டின் மகாயான வேலை. நடுப் புத்தரின் உயரம் சுமார் 51 அடி. பாறையை விட்டுப் பிரியாததால் இவற்றுக்கு முட்டுத் தேவைப்படவில்லை. போதிசத்துவர் அவலோகிதேசுவரர் மேல் வெள்ளைச் சுதை இன்னும் ஒட்டியிருக்கிறது. புத்தரின் மேலாடையில் செம்மஞ்சள் தடம் தெரிகிறது. கிரேக்கப் பளிங்கும் வண்ணம் பூசியதுதான்; மண்ணும் மழையும் கழுவியபின் மிஞ்சிய வெண்மையையே அழகு என்று உலகம் பழகிவிட்டது. எனாமல் பூச்சில் பளபளக்கும் நம் தோட்டத்து முனியாண்டியைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அதே பாறையில், பக்கத்துக் குழுவில் வச்சிராயுதம் ஏந்தி நிற்பவர் வச்சிரபாணி. காந்தாரத்துச் சிற்பிகள் இவருக்குக் கிரேக்க வீரன் ஹெராக்கிளிசின் தாடியையும் முறுக்கேறிய உடலையும் கொடுத்தார்கள். சிங்கத் தோலைக்கூடப் போர்த்திவிட்டார்கள். புதுருவகலைச் சிற்பி அவற்றில் எதையும் எடுக்கவில்லை. இங்கே உடல் மென்மையானது, தாடி இல்லை, வச்சிரம் மட்டும் கையில் இருக்கிறது.