பாதிக் கழுத்தில் ஒரு முறுக்காணி

பாஞ்சோவை முதன்முதலாக உற்றுப் பார்த்தபோது, இது ஒரு டிசைன் தவறு என்றுதான் நினைத்தேன். நாலு தந்திகளின் முறுக்காணிகள் ஒழுங்காகத் தலைப்பகுதியில் இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் ஐந்தாம் ஃப்ரெட் பக்கத்தில், கழுத்தின் ஓரமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. (நான் சொல்வது அமெரிக்கப் பாஞ்சோ. மும்பை கணபதி ஊர்வலத்தில் கட்டைகளை அழுத்தி வாசிப்பாங்களே, அது புல்புல் தாரா வகை. பெயரில் மட்டும்தான் உறவு.)

அந்தக் குட்டைத் தந்தியை இடது கை பெரும்பாலும் தொடுவதே இல்லை. வலது கைக் கட்டைவிரல் அதை இடைவிடாமல் சீண்டிக்கொண்டே இருக்கும். வீணையில் சுண்டுவிரலால் மீட்டுகிற தாளத் தந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். இதில் தொல்லையும் உண்டு. சுருதியை ஏற்ற கேப்போ மாட்டினால் நாலு தந்திதான் ஏறும், ஐந்தாவது அப்படியே நிற்கும். அதற்காகக் கழுத்தில் பொம்மை ரயில் தண்டவாள ஆணிகளை அடித்து, தந்தியை அதன் அடியில் மாட்டுகிறார்கள். உண்மையாகவே பொம்மை ரயில் ஆணிதாங்க!

முறுக்காணியை இடம் மாற்றப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் கேமெயர் லண்டனில் பிரபலப்படுத்திய ஸிதர் பாஞ்சோவில், ஐந்தாவது தந்தி கழுத்துக்குள் ஒரு குழாய் வழியாகப் போய்த் தலைப்பகுதியில் முடியும். பார்க்க அழகான தீர்வு. அமெரிக்காவில் அது நிலைக்கவில்லை.

சரி, பாஞ்சோக்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்று முடித்துவிடலாமா? முடியவில்லை. குடல் தந்தி போய் எஃகு வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். மழைநாளில் தொய்ந்துபோகும் தோலுக்குப் பதில் 1950களின் இறுதியில் மைலார் வந்தது, பெரும்பாலானோர் மாறிவிட்டார்கள். இவையெல்லாம் கையின் பழக்கத்தைக் கலைக்காத மாற்றங்கள். ஐந்தாவது தந்தியை எடுத்தால் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை.

எடுத்தும் பார்த்தார்கள். ஜாஸ் காலத்தில் நாலு தந்தி டெனர் பாஞ்சோதான் ராஜா. பிளெக்ட்ரம் வைத்து அடித்தார்கள். 1930களில் கிடார் அந்த இடத்தைப் பிடித்தது. 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல் வாசிப்பால் ஐந்து தந்தியை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. கிப்சன் 1920, 30களில் செய்த மாஸ்டர்டோன்களில் மிகப் பெரும்பாலானவை டெனர்தான். இன்று அந்தப் பழைய டெனர்களை வாங்கி, கழுத்தைக் கழற்றிவிட்டு, ஐந்து தந்திக் கழுத்தைப் பொருத்துகிறார்கள். பக்கவாட்டு முறுக்காணியோடு!

சரி, அந்தத் தந்தியை வைத்தது யார்? வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரக் கலைஞர்தான் கண்டுபிடித்தார் என்று வெகுகாலம் எழுதினார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போல நடித்துப் பாடிய மின்ஸ்ட்ரல் மேடைக்காரர் அவர், பிறந்தது 1810. தேதியைச் சரிபார்க்கும் தொழில் புத்தி எனக்கு. தென் கரோலினாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரையப்பட்ட 'பழைய பண்ணை' என்ற ஓவியம் இருக்கிறது. அதில் அடிமைப்படுத்தப்பட்ட ஒரு கறுப்பர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். மூன்று நீளத் தந்தி, ஒரு குட்டைத் தந்தி. முறுக்காணி கழுத்தின் பக்கத்தில். ஸ்வீனி அப்போது பிறக்கவே இல்லை. அவர் காலத்தில் கூடியது ஒரு நீளத் தந்தியாக இருக்கலாம் என்பதுதான் இன்று பல ஆய்வாளர்களின் முடிவு.

இன்னும் பின்னால் போகலாம். காம்பியாவின் ஜோலா இனத்தைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா, தன் மக்களின் அகோன்டிங் வாத்தியத்தை 1980களிலிருந்து ஆவணப்படுத்தி வந்தவர். சுரைக்குடுக்கை, மேலே தோல், இரண்டு நீளத் தந்தி, ஒரு குட்டைத் தந்தி. விரல் நகம் கீழ்நோக்கி அடிக்கும், கட்டைவிரல் குட்டைத் தந்தியைச் சீண்டும். அப்பலாச்சிய மலைக்காரர்கள் கிளாஹாமர் என்று சொல்லும் அதே கைவீச்சு. இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, வலது கையை மட்டும் பார்த்தேன். எது எந்தக் கண்டம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.