முரசுமோட்டைக்குக் குளிர்காலம் இல்லை

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில் சிறிது தூரம் போனால் முரசுமோட்டை வரும். இரணைமடுக் குளத்து நீரை நம்பிய வயல்கள் வீதியின் இரு மருங்கிலும் விரிந்து கிடக்கும். காலபோக அறுவடை முடிந்த ஒரு நாளில், காற்றுப்போன ரயரை ஒட்டுவதற்காக அந்த வீதியோரக் கராஜ் ஒன்றில் காத்திருந்தேன். நெல் மூடைகளை இறக்கிவிட்டு வந்திருந்த பிக்கப் ஒன்றின் கீழிருந்து கறுத்த ஒயில் தாச்சிக்குள் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இளைஞனுக்கும் அறுபதைத் தாண்டிய திருத்துநருக்கும் இடையே ஒரு வாக்குவாதம்.

“அண்ணை, தடிப்பானதாய் விடுங்கோ. தடிப்பான ஒயில் எண்டால் எஞ்சின் கனகாலம் நிக்கும்.”

“ஆர் தம்பி சொன்னது?”

“அப்பா எப்பவும் அதைத்தான் விடுறவர்.”

“உன்ர அப்பா விட்ட எஞ்சின் வேறை. உன்ர எஞ்சின் வேறை.”

திருத்துநர் அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் ‘அப்பா விட்ட எஞ்சின்’ என்ற அந்தச் சொற்களுக்குள் வன்னியின் முப்பது ஆண்டு வரலாறு அடங்கிக் கிடப்பதாக எனக்குப் பட்டது. போரின் வரலாற்றை எழுதுவோர் முகாம்களையும் முன்னரங்குகளையும் பற்றி எழுதுகிறோம். ஓர் இயந்திரத்தின் அடியில் கிடக்கும் நாலைந்து லீற்றர் ஒயிலும் அந்த வரலாற்றின் சாட்சிதான் என்பதைப் பத்திரிகைக்காரர்களாகிய நாம் அதிகம் கவனித்ததில்லை.

முதலில் ஒயில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். சுழலும் இரும்புக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே ஒயில் வெறுமனே வழுக்கலாக இருக்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1883 இல் பிரித்தானியப் பொறியியலாளர் பியூசாம்ப் டவர், புகையிரத அச்சின் தாங்கி ஒன்றை வைத்துச் சோதனை செய்தார். ஒயில் ஊற்றுவதற்காக அதன் மேற்புறம் ஒரு துளையிட்டபோது, அச்சுச் சுழலச் சுழல ஒயில் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. துளையை அடைப்பானால் மூடினார். ஒயில் அடைப்பானையும் தள்ளி வெளியேற்றியது. சுழலும் அச்சு தன்னைச் சுற்றியுள்ள ஒயிலை இழுத்துச் சென்று அமுக்கத்தை உண்டாக்கி, அந்த அமுக்கத்தின் மேல் தானே மிதக்கிறது என்பது அப்போது தெரியவந்தது. 1886 இல் ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் இதற்குரிய கணிதத்தை எழுதினார். அந்த மெல்லிய ஒயில் படலம் அறாமல் இருப்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: சுழலும் வேகம், மேலிருந்து அழுத்தும் சுமை, ஒயிலின் பாகுத்தன்மை.

ஒயிலின் பாகுத்தன்மையை வாங்குபவர் அறிவதற்கு ஓர் இலக்கம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கம் 1911 இல் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. இன்று கான்களில் நாம் காணும் ‘எஸ்ஏஈ’ என்ற எழுத்துகள் அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே. 1929 இல் டீன், டேவிஸ் என்ற இருவர் வேறொரு குணத்தை அளவிடும் வழியைச் சொன்னார்கள். எல்லா ஒயிலும் சூட்டில் இளகும். ஆனால் சில அதிகமாக இளகும், சில குறைவாக இளகும். குறைவாக இளகிய பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100 என்றும், அதிகமாக இளகிய மெக்சிக்கோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் புள்ளியிட்டார்கள். 1950 களில் பல்பகுதியச் சேர்மானங்கள் கலந்த ஒயில்கள் சந்தைக்கு வந்தன. குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் போதிய தடிப்புடனும் இருக்கும் இவற்றுக்கு இரண்டு இலக்கங்கள் தேவைப்பட்டன. ‘15டபிள்யூ-40’ போன்ற பெயர்கள் இவ்வாறு வந்தவை.

இதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 15டபிள்யூ என்றால் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசிலும் இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்கக்கூடிய அளவுக்கு ஒயில் இளக்கமாக இருக்கும் என்று பொருள். 5டபிள்யூ என்றால் கீழே 30 பாகை. முரசுமோட்டையில் மார்கழிப் பனியிலும் 20 பாகை அளவுக்கு இறங்குவதே அரிது. ஆகவே நம் ஊருக்கு முதன்மையானது இரண்டாவது இலக்கம். அது 100 பாகைச் சூட்டில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் சூட்டில், ஒயிலின் பாகுத்தன்மையைச் சொல்கிறது. நீருக்குச் சாதாரண வெப்பநிலையில் பாகுத்தன்மை ஏறத்தாழ 1 சென்ரிஸ்ரோக்ஸ். 100 பாகையில் 30 தர ஒயிலுக்கு அது 9.3 முதல் 12.5 வரை, 40 தரத்துக்கு 12.5 முதல் 16.3 வரை, 50 தரத்துக்கு 16.3 முதல் 21.9 வரை.

அந்த இளைஞனின் தந்தையார் ஏன் எப்போதும் தடித்த ஒயிலையே தேடினார் என்பதற்கான விடை இந்த இலக்கங்களுக்கும் 1990 ஆம் ஆண்டுக்கும் இடையில் இருக்கிறது.

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதை அடுத்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் டீசலும் தடைப்பட்டன. பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம் என்று தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. எனவே விளக்கும் மண்ணெண்ணெயில் எரிந்தது. வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் போன்ற பழைய கார்கள் வீட்டுக் கொட்டில்களில் இருந்து மீண்டும் வீதிக்கு வந்தன. துளியளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவதை எங்கள் தலைமுறையினர் அனைவரும் கண்டிருப்போம். பழைய கார்களால் இது முடிந்ததற்குக் காரணம், அவற்றின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததே. புதிய பெற்றோல் இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் அவை இடித்துக்கொண்டு ஓடும்.

இந்த வித்தை நம்மவர் மட்டும் கண்டதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய விவசாயிகளின் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவான மலிந்த எரிபொருளில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. அங்கும் ஒரு தொல்லை இருந்தது. இவ்வகை எரிபொருள் எளிதில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். அதனால் அங்கே ஒயிலை அடிக்கடி மாற்றினார்கள். வன்னியில் மாற்றுவதற்கு ஒயில் எங்கே இருந்தது?

நூற்றுக்கு 5 பங்கு எரிபொருள் கலந்தாலே 40 தர ஒயில் ஏறக்குறைய 30 தரத்துக்கு இறங்கிவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையாமல் ஏறியிருக்கும். ஒயில் குறையவில்லையே என்று சந்தோஷப்பட்டவர்கள் பலர். உண்மையில் ஏறியிருந்தது மண்ணெண்ணெய். டீசல் வாகனங்களுக்கு வேறொரு கேடு. டீசல் பம்பிக்கு உராய்வு நீக்கியாக இருப்பது அதனூடாகச் செல்லும் டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் போதாது. அதனால் மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எண்ணெய் கலந்து ஓடினார்கள்.

“வடிச்ச ஒயிலை எறியிறேல்லை. போத்தலிலை அடைய விட்டு, மேலை தெளிஞ்சதைத் துணியாலை வடிச்சுத் திரும்ப விடுவம்” என்றார் திருத்துநர். வன்னியின் செம்மண் வீதிப் புழுதியும், தேய்ந்த உலோகமும், மண்ணெண்ணெயும் கலந்த அந்த நீர்த்த ஒயிலில் ஓடிய இயந்திரங்கள் என்னவாகும்? வளையங்கள் தேய்ந்தன, தாங்கிகளின் இடைவெளி அகன்றது, புகை வந்தது, ஒயில் அமுக்கம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு எங்கிருந்தோ ஒரு கான் தடித்த ஒயில் கிடைத்து, அதை விட்டால் விளக்கு அணைந்தது, புகை அடங்கியது, சத்தம் குறைந்தது. அகன்ற இடைவெளியைத் தடித்த ஒயில் நிரப்பியது. ‘தடிப்பு நல்லது’ என்று அந்தத் தலைமுறை நம்பியது மூடநம்பிக்கை அல்ல. அவர்கள் கண்ணால் கண்டது அது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. பெற்றோலும் டீசலும், கூடவே சப்பான் பிக்கப்களும் வந்தன. கடைகளில் ஒயில் கான்கள் வரிசையாக அடுக்கப்பட்டன. தெரிவு செய்யும் வசதி பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வந்தபோது, தெரிவு செய்யும் பழக்கம் போயிருந்தது. இருப்பதில் தடித்ததைக் கொடு என்பதே பலரின் கேள்வியாக இருந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டதும் பழைய பஞ்சம் திரும்பியது.

2009 சனவரியில் கிளிநொச்சி வீழ்ந்ததும் இந்த ஏ-35 வீதியே சனங்களின் வீதியாயிற்று. பரந்தன், முரசுமோட்டை மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்தார்கள். கூரைத் தகடும் நெல் மூடையும் கிழவரும் குழந்தைகளும் ஏறிய உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும் பிக்கப்களும் மணிக்கணக்காக ஊர்ந்தன. டவரும் றெனோல்ட்சும் கண்ட விதியை இங்கே நினைத்துப் பாருங்கள். வேகம் இல்லை, சுமை மிக அதிகம், ஒயிலோ நீர்த்துச் சூடேறியது. படலத்தைக் காக்கும் மூன்றும் ஒருசேரக் கைவிட்ட நிலை. “இறுகி நிண்ட எஞ்சினை என்ன செய்யிறது? இறங்கி, ஏலுமானதைத் தலையிலை தூக்கிக்கொண்டு நடந்ததுகள்” என்றார் அவர். புறப்படுமுன் தன்னிடம் இருந்த கடைசிக் கான் புதிய ஒயிலை அயலவர் ஒருவரின் பிக்கப்புக்கு விட்டதாகவும், அந்த வண்டி மூன்று குடும்பங்களைப் புதுக்குடியிருப்புவரை கொண்டுபோய்ச் சேர்த்ததாகவும் சொன்னார். அதற்கு அப்பால் அந்த வண்டிக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. போர் முடிந்த பின் முல்லைத்தீவில் குவிந்து கிடந்த துருவேறிய வாகனங்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இன்றைக்கு வருவோம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 வரை நீடித்த அந்தத் தடையால், கையிலிருக்கும் பிக்கப்பைக் காப்பாற்றுவது விவசாயிக்குச் சீவனோபாயம் ஆனது. இரண்டு வகை வண்டிகள் இப்போது வன்னியில் ஒரே வீதியில் ஓடுகின்றன. 1990 களின் பழைய டீசல் பிக்கப்களுக்கு 15டபிள்யூ-40 பெரும்பாலும் பொருந்தும். தரக்குறியாக சீஎச்-4 அல்லது சீஐ-4 இருந்தால் நன்று. முதலெழுத்து ‘சீ’ டீசல் இயந்திரத்தையும் ‘எஸ்’ பெற்றோல் இயந்திரத்தையும் குறிக்கும். உண்மையில் தேய்ந்துபோன இயந்திரத்துக்கு 20டபிள்யூ-50 இன்றும் ஒரு தற்காலிக ஊன்றுகோல்.

ரேர்போ பூட்டிய புதிய இயந்திரங்களின் நிலை வேறு. அவற்றின் இடைவெளிகள் நுண்ணியவை. 40 பாகையில் 20டபிள்யூ-50 இன் பாகுத்தன்மை ஏறத்தாழ 170 சென்ரிஸ்ரோக்ஸ். 5டபிள்யூ-30 க்கு 65 அளவுதான். காலையில் சாவியைத் திருப்பியதும் தடித்த ஒயில் மேலே போய்ச் சேரத் தாமதிக்கும். அந்த வினாடிகளில் ரேர்போவின் தண்டு காய்ந்தபடி சுழலும். புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஒயிலே வேண்டும். இல்லையேல் வடிகட்டி அடைபடும். எது பொருந்தும் என்பது வண்டியின் கைநூலில் வெப்பநிலை அட்டவணையாகவே அச்சிடப்பட்டிருக்கும். இன்னொன்று: 2018 மார்கழி வெள்ளம்போல் நீர் புகுந்த வண்டியில் ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால், எந்தத் தரமாயினும் அது ஒயில் அல்ல. வண்டியைத் தொடக்காமல் வடித்துவிட வேண்டும்.

திருத்துநர் பிக்கப்பின் கைநூலை எடுத்து வரச் சொன்னார். அது சப்பானிய மொழியில் இருந்தது. ஆனால் அட்டவணையில் இருந்த இலக்கங்களுக்கு மொழி இல்லை. விரலை வைத்துக் காட்டினார். இளைஞன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்திருந்த 20டபிள்யூ-50 கானைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

“இதை என்ன செய்யிறது அண்ணை?”

“கொண்டுபோய் அப்பாவின்ர பழைய வண்டிக்கு விடு. அதுக்கு அவர் சொன்னது சரிதான்.”

என் ரயர் ஒட்டி முடிந்திருந்தது. காசைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.