பொன்மீனும் மனிதத் தோலும்

மனிதனின் தோல் நிறத்தை அளப்பதற்குப் பம்பரம் சுழற்றிய காலம் ஒன்றிருந்தது. அமெரிக்கராகிய சாள்ஸ் டவன்போட் என்பார் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் நிறத் தாள்வட்டுக்கள் பொருத்திய சிறு பம்பரத்தைச் சுழலச் செய்து, அது காட்டும் கலப்பு நிறம் ஒருவரது கையின் நிறத்தோடு ஒத்துவரும்வரை வட்டுக்களை மாற்றிக் கணக்கெடுக்கும் முறையைக் கையாண்டார். யமேக்கா, பேர்மியூடா ஆகிய தீவுகளிற் குடும்பம் குடும்பமாக எடுத்த அளவுகளைக் கொண்டு, நிறத்துக்கு இரண்டு சோடிப் பரம்பரையலகுகளே காரணம் என 1913 ஆம் ஆண்டில் நூலெழுதினார். கருவி எளியது; நோக்கமோ நல்லதன்று. மனிதரை உயர்ந்த வித்தென்றும் தாழ்ந்த வித்தென்றும் பிரித்துத் தாழ்ந்ததைப் பெருகவிடலாகாது என்ற கொள்கையின் தலைவர்களுள் அவரும் ஒருவர்.

இத்துறையின் பெருங் கண்டுபிடிப்பொன்று, நிறத்தைத் தேடிப் புறப்படாத ஒருவரிடமிருந்து வந்தது. அவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் நோயியல் அறிஞர் டாக்டர் கீத் செங். அவர் தேடியது புற்றுநோயின் வேரை. அதற்குத் துணையாகக் கொண்டது நம் துணைக்கண்டத்து ஓடைகளில் வாழும், விரலளவேயான வரிக்குதிரை மீன். இம்மீனினத்தில் வரிகள் வெளிறிப் பொன்போலத் தோன்றும் வகையொன்று உண்டு. ஒரேகன் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981 இல் வெளியிட்ட ஆய்விலேயே அது பயன்பட்டிருந்தது. பொன்மீனோடு கலந்து பிறந்த குஞ்சின் கரிய கண்ணிலே வெளிறிய புள்ளியொன்று காணப்படின், அங்குள்ள கலத்தில் நல்ல பரம்பரையலகு சிதைந்துவிட்டது என்று பொருள். புற்றுநோய்க்கு வழிகோலும் சிதைவும் இத்தகையதே. ஆகவே செங்குக்கு அப்பொன்னிறம் ஓர் அடையாளக்குறி மட்டுமே.

ஆயினும், அக்குறியை உண்டாக்குவது எது என்ற வினா அவரை விடவில்லை. பல்லாண்டுத் தேடலின்பின் அப்பரம்பரையலகு அகப்பட்டது. பொன்மீனின் நிறக்கலங்களை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, மெலனின் மணிகள் எண்ணிற் குறைந்து, சிறுத்து, செறிவின்றி இருந்தன. ஐரோப்பியர் தோலுக்கும் ஆபிரிக்கர் தோலுக்கும் உள்ள வேற்றுமையும் அவ்வாறானதே! மனிதரின் பதினைந்தாம் நிறமூர்த்தத்திலே இதற்கு ஒப்பான பரம்பரையலகு உண்டு. அதன் ஆர்.என்.ஏ.யைப் பொன்மீன் முளையத்துள் ஊசியால் ஏற்ற, மீன் கறுத்தது. மீனும் மனிதனும் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் சென்ற பின்னரும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ததை எண்ணுந்தோறும் நாம் வியக்கின்றோம்.

2005 டிசம்பரில் இவ்வாய்வு 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. அப்பரம்பரையலகிலே ஓரெழுத்து மாறியதால், புரதத்தின் 111 ஆம் இடத்தில் அலனைன் இருக்கவேண்டிய இடத்திலே திரியோனைன் வந்தமர்ந்தது. ஐரோப்பியருக்கும் ஆபிரிக்கருக்குமுள்ள நிற வேறுபாட்டில் நூற்றுக்கு 25 முதல் 38 வரையான பங்கு இவ்வோரெழுத்தினால் ஆனது என மதிப்பிட்டனர். எஞ்சியது வேறு பல பரம்பரையலகுகளின் வேலை. கிழக்காசியரோ வெளிறிய தோலினராயினும் பழைய எழுத்தையே உடையவர்கள். எனவே வெண்மை என்பது ஒரே வழியாக வந்த ஒரு குலச்சொத்து அன்று.

நமக்கும் இதிற் பங்குண்டு. தென்னாசியரிடமுள்ள இம்மாற்றமும் ஐரோப்பியரிடமுள்ளதும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதை, ஐதராபாத் விஞ்ஞானிகளும் பங்குகொண்ட ஆய்வொன்று 2013 இல் உறுதிசெய்தது. இலங்கையிலே சிங்களவரிடத்தும் தமிழரிடத்தும் இவ்வெழுத்து உண்டென 2007 இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. தாய் தந்தை இருவரும் ஒவ்வொரு பிரதி உடையவராயின், ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருத்தி இரண்டையும் பெற்று வெளுப்பாகவும், மற்றவள் ஒன்றும் பெறாது கறுப்பாகவும் பிறக்கலாம். 'பெட்டை என்ன நிறம்?' என்ற கேள்வியோடு முறிந்த கலியாணப் பேச்சுக்கள் நம்மூர்களில் எத்தனை! கறுத்த குழந்தையைக் கண்டு, 'இது ஆரைக் கொண்டு பிறந்ததோ' எனத் தாயைக் குத்திக்காட்டும் நாக்குகளும் உள. தாயிடமும் தந்தையிடமும் சமமாக ஒளிந்திருந்த எழுத்துக்கு அவள் ஒருத்தி என்ன செய்வாள்?

செங் பின்னர் கிழக்காசியரின் வெளிறிய தோலுக்குக் காரணம் தேடலானார். கிழக்காசிய மூதாதையரின் வழிவந்த அமெரிக்க ஆதிக்குடிகளிடம் அது கிட்டலாம் எனக் கருதி, டொமினிக்காத் தீவின் கலினாகோ மக்களை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். 2023 இல் வெளியான அவ்வாய்வும் தேடிய பரம்பரையலகை முற்றாகக் காட்டித் தரவில்லை.