கயிறு பிடித்தோனும் காற்றுக்கலனும்

ஈழத்தின் வடமேற் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய இடங்களில் நிகழ்ந்த முத்துச் சலாபங்களைப் பற்றி எழுதினோர் பெரும்பாலும் முத்தின் விலையையே கணக்கிட்டனர். முத்தெடுத்தவன் உயிரோடு மீண்டது எவ்வாறு என ஆராய்ந்தோர் சிலரே.

சுழியோடிக்கு அன்றிருந்த கருவிகள் ஏறக்குறைய 30 இறாத்தல் நிறையுள்ள கல், கயிறு, சிப்பியிட ஒரு வலைப்பை என்பனவே. அராபியர் கொம்பினாற் செய்த கவ்வியால் மூக்கை அடைப்பர். கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் கையால் மூக்கைப் பிடித்தவாறே ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்கி, ஒரு நிமிட அளவில் மீள்வர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் படகொன்றிற் பத்துச் சுழியோடிகளும் ஐந்து கற்களும் இருந்தன. ஒருவன் மூழ்க, மற்றவன் இளைப்பாறுவான். ஆயினும் பெருங்காவலாய் நின்றவன் மேலே கயிறு பிடித்தவனே. கயிறு அசைந்ததும் அவன் இழுத்தாக வேண்டும். மனைவியின் உடன்பிறந்தானையே அப்பணிக்கு நிறுத்துவர் என்று வாய்மொழியாக வழங்குவதுண்டு. தன் உடன்பிறந்தாள் கைம்மையுற எவன் உடன்படுவான்? மச்சான் உறவின் அருமையைக் கீழ்க்கரையார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சுறாவுக்கு மந்திரமே காவல். மீன்களைக் கட்டும் மந்திரகாரருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும், இரவில் அக்கட்டு அவிழ்க்கப்பட்டதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். இரவிற் களவாக இறங்குவோரைத் தடுக்க இதனினும் மலிவான காவல் ஏது! ‘கடற்கட்டி’ எனப்பட்ட அவர்களை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசும் விலக்கத் துணியவில்லை. அவர்கள் இன்றேற் சுழியோடிகள் கடலில் இறங்கார்.

1837இல் சீபே செப்பஞ்செய்த தலைக்கவச உடையிலும், காற்றடிக்கவும் கயிறு பிடிக்கவும் மேலே ஆள் வேண்டியிருந்தது. 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் அமைத்த காற்றுக்கலனே கயிற்றை அறுத்தது; மேலே நின்றவனும் அத்துடன் நீங்கினான். ஆபத்தும் உருமாறிற்று. ஒரே மூச்சில் மூழ்கி மீண்டவன் பெரும்பாலும் அறியாத நோய் இது. ஆழத்தில் அழுத்தமுற்ற காற்றைச் சுவாசிக்குங்கால் நைதரசன் குருதியிற் கரைகின்றது. விரைந்து மேலெழுந்தாற் குமிழிகளாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டையும் தாக்குகின்றது. போல் பேர் 1878இல் இதனை விளக்கினார். படிப்படியாக மேலெழுதற்குரிய அட்டவணையை ஹோல்டேன் 1908இல் வெளியிட்டார். அன்று தொட்டு, முன்னர்க் கயிறு பிடித்தோன் செய்த காவலை அட்டவணையும் கடிகாரமும் ஆழமானியும் ஏற்றன.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹேமிஸ்’ கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றது. அதனைக் காணச் செல்வோர் கணக்கிட்டே இறங்கிக் கணக்கிட்டே ஏறுவர். சங்கும் கடலட்டையும் எடுக்கும் ஏழைச் சுழியோடிகளிற் பலரின் நிலை வேறு. ஒரே நாளிற் பல ‘சிலிண்டர்’கள் முடியுமட்டும் மூழ்குகின்றனர். காற்றுக்கலனைக் கொடுக்கும் முதலாளி அட்டவணையைக் கொடுப்பதில்லை. நோயுற்றவனைத் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலுள்ள அழுத்த அறைக்கு விரைந்து கொண்டுசெல்லல் வேண்டும். வலியைக் கடல் அலுப்பென்று எண்ணி உறங்கியவன் மறுநாள் கால் அசையாது கிடத்தலும் உண்டு.